யோர்கியின் முகம்

இஸ்தான்புல்,
ரபீவுல் அவ்வல், பிறை 10

அன்புத் தம்பி துராலிக்கு அண்ணன் கெய்வான் ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் மார்ச்சளி விட்டதா? ஹங்கேரி எல்லையில் பனி முழங்காலைத் தொடுகிறது என்று அங்கிருந்து வருகிறவனெல்லாம் சொல்லி உன் அண்ணியைப் பயமுறுத்துகிறான். அவள் பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறைகளை நீ இதற்குள் சூதாடித் தோற்றிருப்பாய் என்பது என் கணிப்பு. தோற்றிருந்தால் மறைக்காமல் எழுது, வேறு அனுப்புகிறேன்.

அரண்மனை ஓவியக்கூடத்தில் தலைக்கு மேல் வேலை. சுல்தானின் போர் வெற்றிகளை எல்லாம் சேர்த்து ஒரு சித்திரப் புத்தகம் செய்ய உத்தரவு வந்திருக்கிறது. ஒருவர் கூடாரம், ஒருவர் குதிரை, ஒருவர் தங்க வேலை என்று பிரித்துக்கொண்டோம். முகங்கள் வழக்கம்போல என் தலையில். நம்மவர்களுக்கு விதவிதமாகப் போடுகிறேன். எதிரிகளுக்கு ஒரே முகம்தான், அதுவும் உனக்குத் தெரிந்த முகம். கலாத்தாவில் மதுக்கடை வைத்திருக்கும் நம் யோர்கியை என்றோ வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசித்துளை போட்டு வைத்தேனே, அந்தத் தாள் இன்னும் கிழியாமல் இருக்கிறது. வெற்றுக் காகிதத்தின் மேல் அதை வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் போதும், தொங்கு மீசையும் தூக்கிய இடது புருவமுமாக ஒரு யோர்கி இறங்கிவிடுவான். குதிரையிலிருந்து விழுகிறவன் யோர்கி. ஈட்டி பாய்ந்தவன் யோர்கி. கூடார வாசலில் குவித்த தலைகள் அத்தனையும் யோர்கி. போன வாரம் அவனிடமே சொல்லிவிட்டேன். “ஏன்யா, உங்க புஸ்தகத்துல நான் இன்னும் எத்தன தடவதான் சாகணும்? ஒரு தடவயாவது ஜெயிக்க விடக் கூடாதா?” என்று அலுத்துக்கொண்டான். உன்னை விசாரித்தான். சின்ன வயதில் உனக்கு வறுத்த கொண்டைக்கடலை அள்ளிக் கொடுத்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஓர் உதவி வேண்டும். நான் போரையே பார்க்காமல் போர் வரைகிறவன். குதிரையிலிருந்து விழுகிறவன் கை என்ன செய்யும்? வெட்டுப்பட்டவன் வாய் திறந்திருக்குமா? ரத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம். அதில் தலைமை ஓவியர் பெர்வீஸ் உஸ்தாத் கறாராக இருக்கிறார். “ரத்தத்த அளவா வைப்பா. சுல்தான் சாப்பிட்டுட்டுப் புரட்டுற புஸ்தகம் இது” என்கிறார்.

இந்தக் கோடையோடு எல்லை வாழ்க்கை போதும், திரும்பி வா. இங்கே நகரக் காவலில் உனக்கு ஓர் இடம் பேசி வைத்திருக்கிறேன். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அண்ணன் கெய்வான்


எல்லைக் காவல் கோட்டை,
ஜமாதுல் அவ்வல், பிறை 22

அண்ணனுக்குத் துராலி ஸலாம். கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. உங்கள் கண்வலி எப்படி? விளக்கு வெளிச்சத்தில் வேலை செய்யக் கூடாது என்று அண்ணி சொன்னால் ஒரு தடவையாவது கேளுங்கள். காலுறை ஒன்று பத்திரமாக இருக்கிறது. மற்றதைப் பற்றிக் கேட்கக் கூடாது.

உங்கள் யோர்கி கதையை இங்கே குளிர்காயும் இடத்தில் சொன்னேன். எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வெங்காயம் விற்க வருகிறார்கள் அல்லவா, எதிரி நாட்டு ஆட்கள்? அவர்கள் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாகிவிட்டது. ஒரு யோர்கியும் இல்லை. அண்ணே, நீங்கள் பெரிய ஏமாற்றுக்காரர்! ஒருவன் செம்பட்டை, ஒருவன் வழுக்கை, ஒருவனுக்கு மீசையே இல்லை. “எலேய், உங்கண்ணன் சுல்தானுக்கே தண்ணி காட்டுறாருல்ல!” என்று என் கூட்டாளி இஸ்கெந்தர் தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினான். இப்போது இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. யார் முதலில் யோர்கியைக் கண்டுபிடிக்கிறானோ அவனுக்கு மற்றவர்கள் ஒரு வாரம் குதிரை தேய்க்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: குதிரையிலிருந்து விழுகிறவன் தன் தொப்பியைப் பிடிக்கிறான். பயிற்சியில் பார்த்தேன், உயிரைவிடத் தொப்பிதான் பெரிது. மற்றதை இன்னும் பார்க்கவில்லை. வெயில் தொடங்கியதும் வர்தோஷ் கோட்டையை முற்றுகை இடப்போகிறோம் என்று பேச்சு.

அண்ணி கையை முத்தமிடும்
துராலி


வர்தோஷ்,
ஷஃபான், பிறை 27

அண்ணனுக்கு ஸலாம். உங்கள் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கோட்டை விழுந்துவிட்டது. படைத்தலைவர் பாஷா தம் கையாலேயே என் தலைப்பாகையில் ஓர் இறகு செருகினார். எல்லோரும் பார்த்தார்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.

உங்கள் யோர்கியைப் பார்த்தேன். அச்சு அசல் அவனேதான்.

இங்கே தண்ணீர் நன்றாக இல்லை. வேறு எழுத ஒன்றும் இல்லை.

துராலி


இஸ்தான்புல்,
ரமலான், பிறை 19

தம்பி, உனக்கு இறைவன் நீண்ட ஆயுளைத் தரட்டும். முகாமில் நோன்பு எப்படிப் போகிறது? தண்ணீர் சரியில்லை என்றால் காய்ச்சிக் குடி.

இறகு வாங்கிய வீரனின் அண்ணன் நான் என்று தெரு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். அண்ணி அக்கம்பக்கத்துக்கு எல்லாம் அல்வா கிண்டிக் கொடுத்துவிட்டாள். ஆனால் இரண்டு வரியில் இப்படி எழுதி விடுவதா? ஓர் ஊரையே அடித்துப் பிடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இல்லை என்று எழுதுகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

யோர்கியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “எனக்கு அங்க ஒரு அண்ணன் தம்பி இருக்கான்னு எங்கம்மா சொல்லவே இல்லையே!” என்று வாயைப் பிளந்துவிட்டான். பிறகு கேட்டான்: “அந்தாளு நல்லா இருக்கானா? ஊருக்குப் போயிட்டானாமா?” நீதான் சொல்ல வேண்டும். அவன் யார்? படைவீரனா, சமையல்காரனா? பிடிபட்டானா? பேசினாயா? எல்லாம் விவரமாக எழுது.

வர்தோஷ்தான் புத்தகத்தின் கடைசிப் படம். பாஷாவின் எழுத்தர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். உயிருக்கு வாக்குப் பெற்றுக்கொண்டு வெளியே வந்த எதிரிகள், வாசலிலேயே நன்றி கெட்டுக் கத்தியை உருவினார்கள், நம்மவர்கள் அவர்களை அங்கேயே முடித்தார்கள் என்று இருக்கிறது. வாசல், சிவப்பு அங்கி ஆட்கள், பாஷாவின் கூடாரம், அதன் முன்னால் தலைகள். எதிரி முகங்கள் அத்தனைக்கும் துளைத்தாளைத் தட்டியாகிவிட்டது. இறகு வைத்த உன்னையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். சின்னதாக இருந்தாலும் அது நீதான்.

அண்ணன் கெய்வான்


இஸ்தான்புல்,
ஷவ்வால், பிறை 24

துராலி, பெருநாள் வாழ்த்து. சுகமா? அண்ணிக்குக் கொஞ்சம் காய்ச்சல், இறங்கிவிட்டது.

எல்லையிலிருந்து தூதன் வந்தான். இஸ்கெந்தரின் வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது, பக்கத்துத் தெரு கொல்லனுக்கு வந்திருக்கிறது. எங்களுக்கு மட்டும் இல்லை. இஸ்கெந்தரின் அம்மா தன் மகன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினாளாம். அதில் உன் பேச்சு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணி அழுகிறாள். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

கெய்வான்


வர்தோஷ்,
துல்கஅதா, பிறை 15

அண்ணே, உயிரோடு இருக்கிறேன். அண்ணிக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுங்கள்.

அந்தப் படத்தை முடித்துவிட்டீர்களா? முடித்திருந்தாலும் தலைகளுக்கு வேறு முகம் போடுங்கள். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். என்னையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இங்கே யோர்கி நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் ரொட்டி சுடுகிறவன். ஒருநாள் காலையில் ரொட்டியை நீட்டினான், நிமிர்ந்து பார்த்தால் தொங்கு மீசை, தூக்கிய புருவம். முந்தின நாள் அவன் சுத்தமாக மழித்த முகத்தோடு இருந்தவன். பிறகு குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். பிறகு இமாம். அவர் பின்னால் நின்று தொழுதுவிட்டு, அவர் திரும்பும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். நேற்று இஸ்கெந்தர். “என்னடா அப்படிப் பாக்குற, நான்தாண்டா!” என்றான். குரல் அவனுடையதுதான்.

எல்லோருமே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

து.


இஸ்தான்புல்,
துல்ஹஜ், பிறை 14

என் செல்லத் தம்பிக்கு. உடம்பை மறைக்காதே. காய்ச்சல் தலைக்கு ஏறினால் இப்படி எல்லாம் தெரியும் என்று இங்கே மருத்துவர் சொன்னார். சூரணம் அனுப்பியிருக்கிறேன், தேனில் குழைத்துச் சாப்பிடு.

நீ கேட்டபடி உஸ்தாதிடம் போனேன், வேறு முகம் போட அனுமதி கேட்டேன். “எதிரின்னா எதிரிதாம்ப்பா. ஆளாளுக்கு ஒரு மூஞ்சி வெச்சா பாக்குறவன் யாருக்காகப் பரிதாபப்படுவான்னே தெரியாமப் போயிடும்” என்று எரிந்து விழுந்தார். கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் ஒரு தலையை அழித்து, துளைத்தாள் இல்லாமல் என் கையாலேயே புதிதாக வரைந்தேன். நம் தெருப் பால்காரனை மனதில் வைத்துக்கொண்டு, வட்ட முகம், மீசை இல்லாமல். முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தால் யோர்கி. மறுபடி அழித்தேன். ஒரு கிழவனைப் போட்டேன். அதுவும் யோர்கிதான். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இதைப் பார்ப்பது நீ மட்டும் இல்லை என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

வர்தோஷ் வாசலில் என்ன நடந்தது? எனக்கு எழுது. வேறு யாரும் படிக்க மாட்டார்கள்.

அண்ணன்


வர்தோஷ்,
முஹர்ரம், பிறை 8

அண்ணே, சூரணம் வந்தது. சாப்பிடவில்லை. நீங்கள் சுகமாக இருங்கள்.

கோட்டைக்குள் இருந்தவர்களின் உயிருக்குப் பாஷா வாக்குக் கொடுத்திருந்தார். மூட்டை முடிச்சோடு போகலாம் என்று பேச்சு. வாசலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை இருபுறமும் நாங்கள் துப்பாக்கியோடு நின்றோம். அவர்கள் நடுவில் நடந்து வந்தார்கள். பெண்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தன. துப்பாக்கித் திரியில் நெருப்பு வைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம், காற்றுகூட இல்லை. ஒரு தும்மல் போட்டாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அவன் வந்தான். நீங்கள் வரைந்தது அப்படியே நடந்து வந்தது. மீசை, புருவம், எல்லாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணே. அடக்க முடியவில்லை. அத்தனை நாள் பயம் எல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. “யோர்கி! டேய், யோர்கி!” என்று கத்திவிட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவன். யாரோ தன்னைப் பார்த்து அன்பாகச் சிரிக்கிறான் என்று நினைத்துவிட்டான். அவனும் சிரித்தான். வரிசையை விட்டு என் பக்கம் ஓர் அடி வைத்து, அங்கிக்குள் கையை விட்டான். என் பக்கத்தில் நின்றவன் சுட்டுவிட்டான். அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சுட்டார்கள். மதியத்துக்குள் அந்தப் பாதையில் ஒருவரும் மிஞ்சவில்லை. யார் கையிலும் கத்தி இல்லை. அவன் கையில் இருந்தது ஒரு மரக் குவளை. என்னிடம் தண்ணீர் கேட்க வந்திருக்கிறான்.

சதியை முதலில் கண்டு கூவி எச்சரித்தவன் என்று எழுத்தர் என்னைப் பற்றி எழுதிவிட்டார். இறகு அதற்குத்தான். அவன் தலையைப் பாஷாவின் முன்னால் கொண்டுபோய் வைக்கும் மரியாதையும் எனக்கே கிடைத்தது. வைத்துவிட்டு நிமிர்ந்தால், புருவத்தைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தண்ணீர்த் தொட்டியில் நான் இப்போது குனிவதில்லை. யார் தெரிவார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த முகத்தை எடுத்துவிடுங்கள், அண்ணே. உங்களால்தான் முடியும்.

துராலி


இஸ்தான்புல்,
ஸஃபர், பிறை 6

தம்பி, உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து நானும் சரியாகச் சாப்பிடவில்லை. சிரித்தது நீ என்றால், சிரிக்க வைத்தது நான். சும்மா ஒரு வேலைச் சோம்பலில் ஒரு நண்பனின் முகத்தை எடுத்து ஊரெல்லாம் சாகடித்தேன். இதில் பாதிப் பாவம் என்னுடையது. அதை நீ தனியாகச் சுமக்க விடமாட்டேன்.

யோர்கி கடைக்குப் போனேன். “தம்பி எப்ப வர்றான்? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்று கேட்டான். அவனை நிமிர்ந்து பார்க்கவே என்னால் முடியவில்லை. குளிர் என்று ஏதோ சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, கூடத்தில் யாரும் இல்லாதபோது படத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிறு கத்தியால் ஒவ்வொரு முகத்தையும் சுரண்டினேன். முதலில் புருவம், பிறகு மீசை, பிறகு கண்கள். எல்லாம் காகிதத்தின் வெள்ளை தெரியும் வரை. மேலே நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினேன். உன்னையும் கேட்டபடியே எடுத்துவிட்டேன். துளைத்தாளை அடுப்பில் போட்டேன்.

உஸ்தாத் மறுநாள் பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். ஆனால் புத்தகத்தைக் கட்டுவதற்கு ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான். “செத்தவனுக்கு மூஞ்சி எதுக்கு? போகட்டும் போ” என்று கொடுத்துவிட்டார்.

இனி ஒரு யோர்கியும் இல்லை. இப்போதாவது வீட்டுக்கு வா, துராலி.

அண்ணன் கெய்வான்


வர்தோஷ்,
ரபீவுல் அவ்வல், பிறை 2

அண்ணனுக்கு ஸலாம். இதை இஸ்கெந்தர் எழுதுகிறான், நான் சொல்லச் சொல்ல. அவன்தான் என்று அவன் சொல்கிறான்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு நாவிதன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனும் யோர்கிதான், அப்போது எல்லோரும் அப்படித்தானே. திடீரென்று எங்கோ கத்தியால் சுரண்டும் சத்தம் கேட்டது. நாவிதன் கத்தி அவன் மடியில்தான் இருந்தது. அவன் புருவம் போயிற்று. பிறகு மீசை. கண்கள் கடைசியாகப் போயின, போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு உரித்த முட்டை மாதிரி வழுவழுவென்று ஒன்று, “என்னப்பா, கன்னத்த இப்படித் திருப்பு” என்று பேசியது.

அன்றிலிருந்து யாருக்கும் முகம் இல்லை. ரொட்டிக்காரனுக்கு இல்லை, இமாமுக்கு இல்லை. சந்தையில் ஒரு குழந்தை அழுதது, எங்கிருந்து அழுகிறது என்று தெரியவில்லை. யோர்கியாவது இருந்தான், அண்ணே. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவாவது செய்தான்.

வீட்டுக்கு வா என்கிறீர்கள். வந்தால் கதவைத் திறப்பது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அது அண்ணி என்று எப்படித் தெரியும்? ஏதாவது ஒரு முகம் போடுங்கள். யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் முகத்தையே திரும்பப் போட்டாலும் சரி.

இராக்காவல் எனக்கு வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். இறகு வாங்கியவன் என்பதால் வாசல் காவலே எனக்குத்தான் தருகிறார்கள். துப்பாக்கி எப்போதும் கையில் இருக்கிறது. இருட்டில் அவை வரும்போது என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

துராலி


இஸ்தான்புல்,
ரபீவுல் ஆகிர், பிறை 1

என் துராலி,

புத்தகம் அரண்மனையின் உள் கருவூலத்துக்குப் போய்விட்டது. பெர்வீஸ் உஸ்தாதின் காலில் விழுந்தேன். “உள்ள போன புஸ்தகம் போனதுதாம்ப்பா. இனி சுல்தான் கைதான் அதத் தொடும். நீயும் நானும் அந்த வாசப்படியக்கூட மிதிக்க முடியாது” என்றார். முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். வேறு தாள்களில் முகமாக வரைந்து தள்ளினேன். ஒன்றும் நடக்காது என்று தெரிந்தேதான் வரைந்தேன்.

அதனால் நானே வருகிறேன். அண்ணி பயணமூட்டை கட்டிவிட்டாள். நாளை பெல்கிரேடுக்குப் புறப்படும் வணிகர் கூட்டத்தோடு கிளம்புகிறேன். அங்கிருந்து உன் கோட்டைக்கு நடந்தாவது வந்துவிடுவேன்.

வந்ததும் உன் கையைப் பிடித்து என் முகத்தின் மேல் வைக்கிறேன். நிதானமாகத் தடவிப் பார். மூக்கு அப்பாவுடையது, உனக்கும் அதேதான். உன்னுடையதையும் தொட்டு ஒப்பிட்டுக்கொள். அது நான் வரைந்ததில்லை, அதனால் என்னால் அதைச் சுரண்டவும் முடியாது. முகம் பார்க்கும் பார்வை உனக்குத் திரும்பும்வரை இப்படியே பழகிக்கொள்வோம். திரும்பவே இல்லை என்றாலும் இப்படியே இருந்துவிடுவோம். உன்னை இங்கே கூட்டிவராமல் நான் திரும்பப் போவதில்லை.

இந்தக் கடிதத்தைத் தூதனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் குதிரை எங்கள் கழுதைகளைவிட வேகமாகப் போகும் என்று நம்புகிறேன். வழியில் எங்கும் பனி பெய்யாமல் இருக்க வேண்டும். ஏனென்றால் இது எனக்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

இனி எந்த நாளிலும், எந்த வேளையிலும், முகமே இல்லாத ஒருவன் கோட்டை வாசலில் வந்து நிற்பான். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். உன்னை நோக்கி ஓர் அடி வைப்பான்.

சுட்டுவிடாதே, தம்பி. அது நான்தான்.

கெய்வான்